பூனை பருத்துவிட்டதா?

தெனாலிராமன் கதைகளுள் பூனைக் கதையை அறியாத மாணவர் இரார். நாட்டில் எலித் தொல்லை மிகுந்தபோது, கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் தர ஒரு பசுவும் கொடுத்தார் என்பது கதை. குறித்த நாளில் எல்லாரும் தத்தம் பூனையை அரசவைக்குக் கொண்டுவந்தனர். பிறருடைய பூனைகள் கொழுத்துப் பளபளத்தன. இராமனுடைய பூனை மட்டும் எலும்பும் தோலுமாய் நின்றது. முதல் நாளிலேயே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்து அதன் நாவைச் சுட்டுவிட்டான் அவன். அன்று முதல் பாலைக் கண்டாலே அது ஓட்டம் பிடித்தது. பசுவின் பாலை இராமனே பருகிவந்தான்.

கதையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் அதனுள் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. கொழுத்த பூனையே நன்கு வளர்க்கப்பட்ட பூனை என்று அரசர் கருதினார். அவையோரும் அவ்வாறே கருதினர். கதை கேட்கும் நாமும் அப்படியே கருதுகிறோம். இராமனுடைய பூனை பட்டினி கிடந்தது கொடுமைதான். மற்றப் பூனைகள் உண்மையில் நலமாக இருந்தனவா என்று யாரேனும் கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை. அக்கேள்வியை இன்று நாம் கேட்டுப் பார்ப்போம்.

நம் கடலூர் மாவட்டத்துக்கும் பூனை இனத்துக்கும் பெயரளவில் ஓர் உறவு உண்டு. சிதம்பரத்தின் பழம்பெயர் பெரும்பற்றப்புலியூர். அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வடக்கே, கடலூர் நகரத்தின் ஒரு பகுதியாக விளங்குவது திருப்பாதிரிப்புலியூர். புலிக்கால் முனிவர் என்று சொல்லப்பெறும் வியாக்கிரபாதர் வழிபட்ட தலங்கள் என்பதால் இரண்டும் புலியூர் ஆயின என்பது மரபு. புலியும் பூனையும் ஒரே விலங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மாணவர்கள் அறிவார்கள். இவ்விரு புலியூர்களிலும் இன்று நாம் காணக்கூடிய புலி இனம் நம் வீட்டுப் பூனைதான்.

ஆனால் இவ்விரு ஊர்களிலும் பூனைகள் வாழும் வாழ்க்கை ஒன்றுபோல் இல்லை. விடியற்காலையில் கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் சென்று பாருங்கள். படகுகள் கரை சேரும் இடத்தில், கூடைகளுக்கும் வலைகளுக்கும் இடையே பூனைகள் காத்திருக்கும். சிந்திய நெத்திலி, கழித்துப்போட்ட கவலை, காணாங்கெளுத்தியின் தலை ஆகியவையே அவற்றின் உணவு. அதையும் அவை எளிதில் பெறுவதில்லை. காக்கையோடு போட்டியிட வேண்டும். நாய்க்கு அஞ்சிச் சுவரேற வேண்டும். எல்லா நாளும் ஒரே அளவு உணவு கிடைப்பதும் இல்லை. மீன்கள் இனம் பெருகும் காலத்தை முன்னிட்டு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. அந்நாள்களில் நாட்டுப் படகுகள் கொண்டுவரும் சிறு அளவு மீனே துறைக்கு வரும். உணவு பெருகினால் உடல் தேறுவதும், அருகினால் மெலிவதும் துறைமுகப் பூனையின் இயல்பு.

சிதம்பரத்தில் கோயிலைச் சூழ்ந்த நான்கு தேர் வீதிகளிலும், அவற்றையடுத்த தெருக்களிலும் உள்ள வீடுகளில் வளரும் பூனையின் நிலை வேறு. ஒரு காலத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. கொள்ளிடமும் வீராணம் ஏரியும் நீரூட்டும் வயல்களின் நெல், வீட்டுக்குள் குதிர்களிலும் பத்தாயங்களிலும் நிறைந்திருந்தது. நெல் இருந்த இடத்தில் எலி இருந்தது. எலி இருந்த இடத்தில் பூனை இரவெல்லாம் விழித்திருந்தது. இன்று பெரும்பாலான வீடுகளுக்கு நெல் வருவதில்லை. கடையிலிருந்து அரிசி பையில் வருகிறது. குதிர் மறைந்தது, எலி குறைந்தது, பூனையின் வேலையும் போயிற்று. ஆனால் அதன் தட்டு மட்டும் காலியாகவில்லை. காலையில் பால், நண்பகலில் பால்சோறு, மாலையில் கடையில் வாங்கிய உலர்தீனி, இடையிடையே குழந்தைகள் அன்போடு கொடுக்கும் தின்பண்டம் என்று அது நிறைந்துகொண்டே இருக்கிறது. கடலூரிலும் மாடி வீடுகளுக்குள் அடைபட்டு வளரும் பூனைகளுக்கு இதே நிலைதான். உழைப்பு குறைந்து உணவு கூடினால் மனிதர்க்கு நேர்வது பூனைக்கும் நேர்கிறது.

பூனையின் உடல் எதற்காக அமைந்தது என்பதைச் சற்றே அறிந்துகொண்டால் இது நன்கு விளங்கும். நம் வீட்டுப் பூனை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. மனிதர் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், அத்தானியத்தை நாடி வந்த எலியைத் தொடர்ந்து அதுவும் வந்து நம்மோடு தங்கியது. மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இத்தனை ஆயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்தும் பூனையின் வயிறு மாறவில்லை. அது முற்றும் புலால் உண்ணும் விலங்கு. ஒரு சிறு எலியில் ஏறத்தாழ 30 கலோரி ஆற்றல் இருக்கிறது. 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி போதும். அதாவது ஏழெட்டு எலிகளே அதன் ஒரு நாள் உணவு. அவற்றையும் ஒரே வேளையில் உண்பதில்லை. பதுங்கியும் பாய்ந்தும், பல முறை தவறவிட்டும், இரவு பகலாகச் சிறுகச் சிறுக உண்பதற்கென்றே அதன் உடல் அமைந்திருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 65 கலோரி உண்டு. 150 மில்லி கொள்ளும் ஒரு குவளைப் பாலை நாம் பூனைக்கு வைத்தால், ஏறத்தாழ 100 கலோரி சேர்கிறது. நமக்கு அது ஒரு வாய்ப் பால். பூனைக்கோ ஒரு நாள் உணவில் ஏறக்குறையப் பாதி! எருமைப் பாலானால் இன்னும் மிகும். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி. இவற்றுக்கு மேல் மீனும் உலர்தீனியும் சேர்ந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? நாம் நம் வயிற்றைக் கொண்டு பூனையின் வயிற்றை அளக்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

பூனையையும் பாலையும் பிரித்து நினைக்க நமக்கு மனம் வருவதில்லை. கம்பர்கூடத் தம் இராமகாதையின் அவையடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைத் தமக்கு உவமையாக்கினார். பூனைக்குப் பாலின்மேல் ஆசை உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஆசை வேறு, தேவை வேறு. குட்டிப் பருவம் கடந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. சிலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத் தருகிறது; பாலைச் செரித்துக்கொள்ளும் பூனைக்கோ அது கொழுப்பாக மாறுகிறது.

பூனை சற்றுப் பருத்தால் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். பருத்த பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, அளவான உடலுடைய பூனையைவிடப் பன்மடங்கு மிகுதி. நீரிழிவு வந்தால், பல பூனைகளுக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி போட வேண்டியதாகும். எடை தாங்காமல் மூட்டுகள் தேய்கின்றன. ஆனால் பூனை தன் வலியை வெளிக்காட்டாத விலங்கு. அது முனகாது, நொண்டுவதும் அரிது. முன்பு ஏறிய அலமாரியில் ஏறுவதை நிறுத்திவிடும்; அவ்வளவுதான். "வயதாகிவிட்டது, அடங்கிவிட்டது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மேலும், பருத்த பூனையால் உடலை வளைத்து முதுகையும் பின்புறத்தையும் நக்கித் தூய்மை செய்துகொள்ள முடிவதில்லை. அங்கே மயிர் சிக்கேறும். தோலில் புண் உண்டாகும். அறுவை சிகிச்சை தேவைப்படும் வேளையில் மயக்க மருந்தும் அதற்கு மிகுந்த இடரைத் தருகிறது.

எனவே, பருத்துவிட்டதா இல்லையா என்பதைக் காலத்தில் அறிந்துகொள்ள வேண்டும். எப்படி அறிவது?

கண்ணை மட்டும் நம்புவது போதாது. நாள்தோறும் பார்க்கும் உருவத்தில் சிறுகச் சிறுக நேரும் மாற்றத்தைக் கண் உணர்வதில்லை. அடர்ந்த நீண்ட மயிருடைய பாரசீகப் பூனைகளிலோ, மெலிவும் பருமனும் ஒன்றுபோலவே மறைந்துவிடுகின்றன. அப்படியானால் எடை போட்டுப் பார்த்தால் போதாதா? அதுவும் தனியே போதாது. நம் நாட்டுப் பூனைகள் பெரும்பாலும் 3 கிலோ முதல் 5 கிலோ வரை இருக்கின்றன. சிறிய எலும்பமைப்புடைய பெண் பூனைக்கு 4½ கிலோ மிகையாகலாம். பெரிய கடுவன் பூனைக்கு அதுவே அளவாகலாம். எல்லாப் பூனைகளுக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை.

இவ்விடத்தில் நம் ஆட்டுச் சந்தை வணிகரிடம் ஒரு பாடம் கற்கலாம். ஆடு வாங்குபவர் அதை வெறுமனே பார்த்து விலை பேசுவதில்லை. முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்துவார்; விலாவைத் தடவுவார்; தூக்கியும் பார்ப்பார். எலும்பின்மேல் எவ்வளவு சதை, எவ்வளவு கொழுப்பு என்பதைக் கை அவருக்குச் சொல்லிவிடும். இந்தக் கைப்பழக்கத்துக்கு எண் கொடுத்து ஒழுங்குபடுத்தும் முறையொன்றை, 1961ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாவில் செம்மறி ஆடுகளுக்கு வகுத்தார்கள். பின்னர் அது மாட்டுக்கும் பிற விலங்குகளுக்கும் பரவியது. பூனைக்குரிய ஒன்பது படி அளவுமுறையை 1997ஆம் ஆண்டில் லாஃப்ளாம் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் இம்முறையைக் கையாள்கிறார்கள். இதற்கு வேண்டிய கருவிகள் இரண்டே: நம் கண், நம் கை.

ஒன்பது படிகளுள் ஐந்தாவது படி அளவான உடல். அதற்குக் கீழே செல்லச் செல்ல மெலிவு. மேலே செல்லச் செல்லப் பருமன். முதற்படியில் விலா எலும்புகளும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தொட வேண்டாமலே கண்ணுக்குத் தெரியும். ஒன்பதாம் படியில் எவ்வளவு தேடினும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது. இடை என்பதே இராது. வயிறு உருண்டு தொங்கும். முகத்திலும் கால்களிலும்கூடக் கொழுப்புப் படிந்திருக்கும். ஐந்துக்கு மேலே ஒவ்வொரு படியும், இருக்கவேண்டிய எடையைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகுதியைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

சோதனையை முறையாகச் செய்வோம். பூனை அமைதியாக நிற்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதலில் மேலிருந்து பாருங்கள். விலாக்கூட்டுக்குப் பின்னால் இருபுறமும் சற்றே உள்வாங்கி இடை தெரியவேண்டும். இரு பக்கமும் நேர்கோடாக இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். வெளியே பிதுங்கியிருந்தால் பருமன் உறுதி. அடுத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். மார்புக்கூட்டின் அடியிலிருந்து பின்னங்கால் நோக்கி வயிற்றின் கோடு சற்றே மேலேறவேண்டும். கீழே இறங்கக் கூடாது.

மூன்றாவதே முதன்மையான சோதனை. இரு கட்டைவிரல்களையும் முதுகின்மேல் வைத்து, மற்ற விரல்களை விலாவின்மேல் பரப்பி, மென்மையாகத் தடவுங்கள். அழுத்தக் கூடாது. நீங்கள் உணர்வதை எதனோடு ஒப்பிடுவது? உங்கள் கையையே உரைகல்லாகக் கொள்ளலாம். இடக்கையை இறுக முட்டியாக மடக்கி, முட்டியின் எலும்பு முடிச்சுகளை வலக்கை விரலால் தடவிப் பாருங்கள். விலா அப்படி இருந்தால் பூனை மெலிந்திருக்கிறது. இனி இடக்கையை விரித்து, உள்ளங்கை கீழே இருக்குமாறு வைத்துப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்புகள் வரிசையாகத் தட்டுப்படும். ஆனால் துருத்தி நிற்கமாட்டா. விலா அவ்வாறு இருந்தால் பூனை அளவான உடலுடையது. கடைசியாகக் கையைத் திருப்பி, விரல்களின் அடியில் உள்ளங்கையைத் தடவுங்கள். எலும்பு எங்கோ ஆழத்தில் இருப்பது போலத் தோன்றும். விலா அப்படித் தோன்றினால் பூனை பருத்துவிட்டது. வீட்டிலிருக்கும் சிறுவரும் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

சில இடங்களில் நாம் ஏமாறக்கூடும். பின்னங்கால்களுக்கு முன்னே அடிவயிற்றில் ஒரு தோல்மடிப்புத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பல பூனைகளில் காணலாம். நடக்கும்போது அது இப்படியும் அப்படியும் ஆடும். அது பூனையின் இயல்பான உறுப்பமைதி. மெலிந்த பூனைக்கும் அது உண்டு. புலிக்கும் சிங்கத்துக்கும்கூட உண்டு. அதை மட்டும் கண்டு பூனை பருத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. தொட்டுப் பார்த்தால் வெறும் தோலா, கொழுப்பு நிறைந்ததா என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது. வயிறு பருத்திருக்கும், ஆனால் விலாவும் முதுகெலும்பும் கூர்மையாகத் தட்டுப்படும். அது கொழுப்பன்று. பெண் பூனையாயின் சினையாக இருக்கலாம். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். குட்டியாயின் வயிற்றில் புழு மிகுந்திருக்கலாம். வயிற்றில் நீர் கோத்திருக்கவும் கூடும். அது கடும் நோயின் அறிகுறி. இத்தகைய பூனையைப் "பருமன்" என்று எண்ணி உணவைக் குறைத்தால் என்ன ஆகும்? நோயோடு பட்டினியும் சேர்ந்துவிடும். ஆகவே, வயிற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலாவைத் தொட்டு முடிவு செய்யுங்கள். ஐயமிருந்தால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கையின் தீர்ப்போடு தராசின் சான்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பூனையைத் தராசில் நிற்கவைப்பது யாராலும் இயலாது. நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் பொறியில் நில்லுங்கள். பிறகு பூனையின்றி நில்லுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிடுங்கள். அல்லது பூனையை ஒரு துணிப்பையில் இட்டு, தலை மட்டும் வெளியே தெரியுமாறு பிடித்து, தூக்குத் தராசில் நிறுக்கலாம். இதில் கிராம் கணக்கு இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். ஏன் துல்லியம் வேண்டும் என்கிறீர்களா? 4 கிலோ பூனை ஒரு கிலோ கூடுவது, 60 கிலோ எடையுள்ள மனிதர் 75 கிலோ ஆவதற்கு ஒப்பாகும். நமக்கு அற்பமாகத் தோன்றும் 200 கிராம், பூனைக்கு அற்பமன்று.

கையின் படியையும் தராசின் எண்ணையும் கொண்டு, பூனை இருக்கவேண்டிய எடையைக் கணக்கிடலாம். ஒரு பூனை 4.8 கிலோ இருக்கிறது. கைச் சோதனையில் ஏழாம் படி என்று தோன்றுகிறது. ஐந்துக்கு மேல் இரண்டு படி. ஆகவே நூற்றுக்கு 20 பங்கு மிகுதி. 4.8ஐ 1.2ஆல் வகுத்தால் 4 கிலோ. அந்தப் பூனைக்குரிய அளவான எடை ஏறத்தாழ அதுவே. 800 கிராம் குறையவேண்டும் என்பது தெளிவாயிற்று.

எப்படிக் குறைப்பது? மாணவ நண்பர்களே, இப்பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க இயலுமானால், இதை வையுங்கள்: பருத்த பூனையை ஒருபோதும் பட்டினி போடக் கூடாது. மனிதர் ஒரு நாள் நோன்பிருப்பது போல் பூனையையும் இருக்கச் செய்யலாம் என்று எண்ணுவது பெரும் தவறு. உணவு திடீரென நின்றால், பூனையின் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு கரைந்து, வெள்ளம் போல் கல்லீரலுக்குள் பாய்கிறது. பூனையின் கல்லீரலுக்கு அத்தனைக் கொழுப்பைப் பக்குவப்படுத்தும் திறன் இல்லை. கொழுப்பு கல்லீரலிலேயே படிந்து அதன் வேலையை முடக்கிவிடும். மூன்று நான்கு நாள் உணவின்மையே இதற்குப் போதும். பூனை எவ்வளவுக்கு எவ்வளவு பருத்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஆபத்து மிகுதி. கண்ணின் வெண்மையிலும் ஈறுகளிலும் மஞ்சள் நிறம் தோன்றும். பூனை உணவை அடியோடு வெறுக்கும். தக்க சிகிச்சை கிடைக்காவிடில் இறந்துபோகும். பருத்த பூனை எந்தக் காரணத்தாலேனும் ஒரு முழுநாள் உண்ணாமல் இருந்தால், மறுநாள் தேறிவிடும் என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஆதலின் குறைப்பது மெதுவாக நடக்கவேண்டும். வாரத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் எடை குறைவது தக்கது. நாம் கண்ட 4.8 கிலோ பூனை முதல் வாரத்தில் 50 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே இழக்கலாம். 4 கிலோவை அடைய அதற்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். அவசரம் இங்கே உதவாது.

முதற்கண் நிறுத்தவேண்டியவை பாலும் பால்சோறும் தின்பண்டங்களுமே. பல வீடுகளில் இதனாலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் பால்சோறு ஒன்றையே உண்டு பழகிய பூனைக்கு அதை ஒரே நாளில் நிறுத்தினால், அது உண்ணாமல் கிடக்கக்கூடும். புதிய உணவைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாள்களில் மாற்றுங்கள். வேகவைத்து முள் நீக்கிய மீனோ, உப்பும் மசாலாவும் சேராத கோழி இறைச்சியோ அதன் இயல்புக்கு ஏற்றது. எனினும் மீன் ஒன்றையே எந்நாளும் கொடுப்பதும் நன்றன்று. சிலவகை மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு பொருள் பி1 வைட்டமினை அழித்துவிடும். கவலை போன்ற எண்ணெய்ச் சத்து மிக்க மீனையே நாளும் உண்ணும் பூனைக்கு, ஈ வைட்டமின் குறைந்து உடற்கொழுப்பு அழற்சியுறும். டாரின் என்னும் சத்து போதாவிடில் பூனையின் பார்வையும் இதயமும் கெடும். அது சோற்றில் இல்லை, இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. பூனைக்கென்று தயாரித்த முழுமையான உணவாயின் இச்சத்துகள் சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் அதன் அளவைக் கண்மதிப்பில் விடாமல் நிறுத்துக் கொடுக்கவேண்டும். எத்தனை கிராம் என்பதைப் பூனையின் வயதும் உடல்நிலையும் அறிந்த மருத்துவர் வகுப்பதே முறை.

அடுத்து, பூனைக்கு உணவிடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்கவேண்டும். அம்மா காலையில் வைத்ததை அறியாமல் பாட்டி மீண்டும் வைப்பதும், பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மூன்றாம் முறை வைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். பூனை ஒவ்வொருவரிடமும் சென்று, அன்று முழுவதும் உண்ணாதது போலக் காலைச் சுற்றிக் கத்தும். நாளின் உணவைக் காலையிலேயே நிறுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். யார் கொடுத்தாலும் அக்கிண்ணத்திலிருந்தே கொடுக்கட்டும். கிண்ணம் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. அதையும் நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்தால் பூனையின் இயல்புக்கு ஒத்ததாகும்.

கருத்தடை செய்த பூனைகளைப் பற்றியும் ஒரு சொல். குட்டிகள் பெருகித் தெருவில் மடியாமல் காக்கக் கருத்தடை இன்றியமையாதது. அதை அஞ்சவேண்டியதில்லை. ஆனால் அதன்பின் பூனையின் உணவுத் தேவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. அறுவைக்குப் பின் வரும் முதல் மாதங்களிலேயே உணவளவைத் திருத்திக்கொண்டால் பருமன் வாராது.

உணவோடு உழைப்பும் வேண்டும். கயிற்றின் நுனியில் துணிமுடிச்சைக் கட்டி இழுங்கள். பூனை பதுங்கிப் பாயும். நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். உணவை ஒரே இடத்தில் வைக்காமல், மாடிப்படியிலும் ஜன்னல் திட்டிலும் பகிர்ந்து வையுங்கள். இல்லாத எலியைத் தேடி அலைவது போல அது ஏறி இறங்கி உண்ணட்டும்.

மாணவர்கள் இதை ஒரு செய்முறைப் பாடமாகவே மேற்கொள்ளலாம். ஒரு குறிப்பேட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூனையின் எடையையும், கைச் சோதனையில் கண்ட படியையும், கொடுத்த உணவின் அளவையும் எழுதிவாருங்கள். வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். கோடு மெல்ல இறங்கினால் நன்று. அசையாமல் நின்றால் கிண்ணத்தைச் சரிபாருங்கள். அடுத்த வீட்டிலும் அது உண்கிறதா என்று விசாரியுங்கள். நீங்கள் உணவைக் குறைக்காமலே கோடு விரைந்து இறங்கினால் மகிழ வேண்டாம். நன்றாக உண்டும் மெலிகின்ற வயதான பூனைக்கு நீரிழிவோ, தைராய்டு சுரப்பியின் கோளாறோ, சிறுநீரக நோயோ இருக்கலாம். அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். பூனையால் சொல்ல முடியாததை அக்குறிப்பேடு அவருக்குச் சொல்லும்.

நம் மக்களுக்கு ஊட்டுதலே அன்பின் அடையாளம். விருந்தினர் இலையில் வேண்டாம் என்ற பின்னும் ஒரு கரண்டி வைத்தால்தான் மனம் நிறைகிறது. அந்தப் பண்பு மிக உயர்ந்தது. ஆனால் விருந்தினர் போதும் என்று கையமர்த்துவார். அடைபட்டு வாழும் பூனை அவ்வாறு சொல்லாது. அதற்காக நாம்தான் போதும் என்று சொல்லவேண்டும். இன்று மாலை உங்கள் பூனை அருகில் வந்து உட்காரும்போது, தட்டை எடுப்பதற்கு முன் அதன் விலாவை ஒருமுறை தடவிப் பாருங்கள். புறங்கையைப் போல இருக்கிறதா, உள்ளங்கையைப் போல இருக்கிறதா? எவ்வளவு வைப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.